வசூலுக்குப் போகும் முன்

(திருப்பதியில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் நம் கொத்தனாருக்காக வருகிற ஞாயிற்றுக்கிழமை வசூலுக்குப் போகிறோம். ரசீதுப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. அதை உங்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைப் பேசித்தான் ஆக வேண்டும். போன தடவை நமக்குக் கிடைத்த மரியாதை உங்களுக்குத் தெரியும். பூக்கட்டும் அம்மா ஒருவர் வாசலிலேயே நிறுத்தி, "முந்தின காசுக்குக் கணக்கு சொல்லிட்டு அப்புறம் வாங்க" என்றார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினோம்.

அந்த முந்தின காசின் கதையை இன்று மறைக்காமல் சொல்கிறோம். லாரி மோதி இறந்த நம் தொழிலாளி ஒருவரின் குடும்பத்துக்காகத் திரட்டிய பணம் அது. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. சங்க அறைக்கு வாடகை பாக்கி விழுந்திருந்தது. நிர்வாகக் குழுவில் இருந்த நாங்களே கூடிப் பேசி அதிலிருந்து 4,200 ரூபாய் எடுத்தோம். அடுத்த மாதம் போட்டுவிடலாம் என்றோம். அந்த அடுத்த மாதம் வர இரண்டு வருஷம் ஆயிற்று. கைக்காசைப் போட்டு நாங்கள் கட்டியபோது, அந்த அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆரணிப் பக்கம் போய்விட்டிருந்தார். சங்கமும் ஏழைகளுக்குத்தானே என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். செங்கல் சுமந்தவர் சங்க வாடகைக்கா ஐம்பது ரூபாய் கொடுத்தார்?

யோக்கியமான ஆள் கையில் இருந்தால் போதும், கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு வ.உ.சி.யின் கதையைச் சொல்ல வேண்டும். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அந்தப் பெரியவர், 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் வறுமையில் கிடந்தார். தென்னாப்பிரிக்காவில் பிழைக்கப் போன நம் ஜனங்கள் அவருக்காகக் காசு சேர்த்து காந்தியிடம் ஒப்படைத்தார்கள். 1915இல் காந்தி சென்னை வந்தார். பணம் வந்துசேர்ந்ததா என்று வ.உ.சி. விசாரிக்க வேண்டியதாயிற்று. யார் கொடுத்தது, எவ்வளவு என்ற விவரம் காந்தியின் கைவசம் இல்லை. கடிதம் மேல் கடிதம். கடைசியில் 1916 தொடக்கத்தில்தான் 347 ரூபாய் 12 அணா வந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி அந்தத் தொகையையே தலைப்பில் வைத்து ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். காந்தி காசு விஷயத்தில் எவ்வளவு கறார் என்று ஊருக்கே தெரியும். அவர் கையிலேயே பெயரும் தொகையும் எழுதிய ஒரு பட்டியல் இல்லாமற்போனதால், பசித்திருந்த மனிதர் மாதக்கணக்கில் காத்திருந்தார். நாம் எம்மாத்திரம்?

நம் ஊர் மலையையும் பாருங்கள். உண்டியல் பணத்தை எண்ணும் பரகாமணியில் பையில்லாத உடையோடுதான் உட்கார வேண்டும், சோதனை உண்டு, காமிரா உண்டு. அப்படியும் 2023இல் வெளிநாட்டு நோட்டுகளை எடுத்ததாக ஒருவர் பிடிபட்டார். லோக் அதாலத்தில் சமரசமாக முடித்தார்கள். 2025இல் ஆந்திர உயர்நீதிமன்றம் அதை விடாமல் சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவிட்டது. பத்தாயிரம் ரூபாய் நன்கொடைக்குத் தரிசனம் தரும் ஸ்ரீவாணி டிரஸ்டின் கணக்கைப் பற்றிக் கேள்வி கிளம்பியபோது, 2023 ஜூனில் தேவஸ்தானம் வெள்ளை அறிக்கை போட்டுப் பதில் சொன்னது. அதை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால் அத்தனை பெரிய ஸ்தாபனமும் கேட்ட பிறகு சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து வரும் திருக்குடைகளில் ஜனங்கள் போடும் காணிக்கைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும் தேவஸ்தானம் அறிவித்திருக்கிறது. குடையில் போட்டால் உண்டியலுக்குப் போகும் என்றுதானே போடுகிறவர் நினைக்கிறார்!

நம் கிராமங்களில் புரட்டாசிச் சனிக்கிழமை நாமம் போட்ட சொம்போடு, கோவிந்தா சொல்லி வீடு வீடாகப் போவார்கள். வீட்டில் அரிசிக்கு வழியில்லாதவன்கூட அந்தச் சொம்பில் கைவைக்க மாட்டான். சாமியை நம்பாதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களும் அந்தச் சொம்பை ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

ரயில்வே புக்கிங் கவுண்டரில் உட்காரும் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. டியூட்டியில் ஏறும்போதே சொந்தக் காசு எவ்வளவு என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட வேண்டும். முடிக்கும்போது குறைந்தால் நாங்கள் கட்ட வேண்டும், கூடினாலும் கட்ட வேண்டும். கூடின காசும் யாரோ ஒரு பயணியுடையதுதான். தொடக்கத்தில் இது அவமானமாகத் தோன்றும். விஜிலென்ஸ்காரர் வந்து நிற்கும் நாளில்தான் அந்த ஒரு வரி எழுத்து நம்மைக் காப்பாற்றும் என்று புரியும்.

ஆகவே இந்தத் தடவை இப்படிச் செய்கிறோம். ஒருவராக யாரும் போகக் கூடாது, இருவராகப் போக வேண்டும். கிளம்பும்போது சொந்தக் காசை எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும். பத்து ரூபாய்க்கும் ரசீது. போனில் அனுப்புகிறவர்கள் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்பட்டும். தனி ஆள் நம்பரைக் கொடுக்காதீர்கள், தலைவர் நம்பராக இருந்தாலும் சரி. டீச் செலவு, பஸ் செலவு நம்முடையது. குவைத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து வங்கி வழியே அனுப்பினால் தடையில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடம் சங்கம் பணம் வாங்க 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ அனுமதியோ வேண்டும். நமக்கு இல்லை, ஆகவே வாங்க வேண்டாம்.

இன்னொன்று. கட்டுப்போட்டுக் கிடக்கும் அவர் படத்தை அச்சடித்துக் காட்டினால் அதிகம் விழும் என்று ஒரு தோழர் சொன்னார். விழும்தான். ஆனால் அவருடைய மகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள். அவரைக் கேட்டோம், வேண்டாம் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சிகிச்சை முடிந்து மிச்சம் வந்தால் என்ன செய்வது? குழு தீர்மானிக்காது, அவர் குடும்பத்துக்கே போகும் என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறோம். வரவு செலவு மாதாமாதம் அறை வாசல் கரும்பலகையில் எழுதப்படும். புதிய பேரேட்டின் முதல் பக்கத்தில் பழைய 4,200 ரூபாயின் கணக்கு இருக்கிறது. அதை ஆரணிப் பக்கம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு பேர் போகிறார்கள்.

கணக்குப் பார்க்க, குழுவில் இல்லாத மூன்று பேர் வேண்டும். பூக்கட்டும் அந்த அம்மாவைக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.