பித்தநீர்க் குழாய்ப் புற்று
(சங்க மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



யான் வைத்தியனல்லன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும், ‘வெறுங் காமாலைதானே’ என்று நம் இல்லங்களில் நாட்கடத்துதல் கண்டு சில கூற விழைகின்றேன்.

ஈரலிற் சுரக்கும் பித்தநீர் மெல்லிய குழாய் வழியே சிறுகுடலை அடைகின்றது. அக்குழாயிற் புற்று தோன்றின் வழி அடைபடும். கண் மஞ்சளிக்கும்; சிறுநீர் கறுக்கும்; மலம் வெளுக்கும்; உடலெங்கும் நமைச்சல் உண்டாம். நோவு பெரும்பாலும் தொடக்கத்தில் இராது. நம்மை ஏமாற்றுவது அதுவே. காமாலைக்கெல்லாம் புற்றே காரணம் என்பதன்று. கீழாநெல்லியையும் யான் இகழ்கின்றிலேன். அடைபட்ட குழாயை அது திறவாது என்றே சொல்கின்றேன். மூலிகையரைத்துக் கழித்த வாரங்களிற் கட்டி அறுவைக்கு அடங்காததாய் விடலாம்.

வேரறுக்கும் வழி அறுவையே. கட்டியின் இடத்திற்கேற்ப ஈரலில் ஒரு பகுதியையோ, கணையத்தின் தலைப்பகுதியையோ உடன் அகற்றுவர். எஞ்சிய ஈரல் தானே வளர்ந்து ஈடுசெய்வது இறைவன் படைப்பின் வியப்பு! பின்னர் ஆறு திங்கள் காபசிடபைன் மாத்திரை அளித்தல், இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சி 2019இல் வெளிவந்தபின் வழக்கமாயிற்று.

அறுக்க இயலாதோரையும் கைவிடுவதில்லை. குழாயினுள் ஸ்டென்ட் செலுத்திப் பித்தத்தை வடியச் செய்வர்; நமைச்சல் தணியும். ஜெம்சிடபைன், சிஸ்பிளாட்டின் என்னும் இருமருந்தும் சேர்ந்து ஆயுளை நீட்டுதல் 2010இல் நிறுவப்பட்டது. நோய் தீராது, திங்கள்கள் கூடும். அவையும் அருமையுடையன அல்லவோ?

தேறுங்காலத்தில் உணவைச் சிறிது சிறிதாகப் பன்முறை அளித்திடுக. ஸ்டென்ட் வைத்தவர்க்குக் குளிர்காய்ச்சல் காணின், பொழுது விடியட்டும் என்றிராது அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.