மலிவில் வந்த வறுமை



1929ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. அதன்பின் சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. இதனை நான் வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நெல் மலிந்தால் நன்மைதானே? அதனை ஏன் துன்பம் என்கிறீர்கள்?" என்று வினவினான்.

கரும்பலகையில் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கை எழுதினேன். உழவர் ஒருவருக்கு விளைச்சல் 20 மூட்டை. நிலவரியும் கடன் வட்டியும் சேர்ந்து 40 ரூபாய். மூட்டை 5 ரூபாய்க்கு விற்றால் 8 மூட்டையில் கடமை தீரும். 12 மூட்டை வீட்டில் நிற்கும். விலை இரண்டரை ரூபாயானால் 16 மூட்டையை விற்றாக வேண்டும், மிஞ்சுவது 4. விலை இறங்கிய அளவுக்கு வரியும் வட்டியும் இறங்கவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "விதைநெல் எங்கே, ஐயா?" என்றாள். நான் அதனை மறந்தே போயிருந்தேன்!

அந்த நான்கு மூட்டையிலிருந்துதான் விதைக்கும் எடுக்க வேண்டும். ஆகவே நகைப்பெட்டி திறந்தது. 1931 செப்டம்பரில், பணத்தைப் பொன்னோடு பிணைத்திருந்த முறையைப் பிரிட்டன் கைவிட்டது. பொன் விலை ஏறிற்று. இந்தியக் குடும்பங்களின் நகைகள் உருக்கப்பட்டுக் கப்பலேறின. நிலமற்ற கூலியாளுக்கோ விற்க நகையும் இல்லை. வேலையின்றேல் மலிவரிசியும் எட்டாது. சென்னை மாகாணத்தில் உழவர் கடன் நிவாரணச் சட்டம் வந்தது 1938இல்தான். அதற்குள் எத்தனையோ பெட்டிகள் காலியாகிவிட்டன.

விலைப் பட்டியலைப் படிக்கும்போது வாங்குவோரை மட்டும் எண்ணாதீர்கள். விற்றவர் வீட்டில் விதைநெல் இருந்ததா என்றும் கேளுங்கள். எனக்கு அதனைக் கற்பித்தவள் அம்மாணவியே.