சவ்வு சல்லடை அல்ல

(சேரப்பணஞ்சேரியில் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். செல் சவ்வைப் பல ஆண்டுகளாகச் 'சல்லடை' என்றே நடத்தி வந்தேன். சிறியது நுழையும், பெரியது நிற்கும் என்பேன். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "மிஸ், வயிற்றுப்போக்குக்கு உப்புத் தண்ணி போதாதா? சர்க்கரை எதுக்கு?"

"ருசிக்குத்தாம்மா" என்றேன்.

அடுத்த மாதம் அவள் தம்பிக்கு வயிற்றுப்போக்கு. அப்பா ஒரகடத்தில் கம்பெனி ஷிப்ட்டில். அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் சர்க்கரை தீர்ந்திருந்தது. ருசிக்குத்தானே என்று வெறும் உப்புத் தண்ணீரையே கொடுத்திருக்கிறாள். பையனுக்கு மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டான். "நீங்கதானே மிஸ் சொன்னீங்க" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன்பிறகுதான் பாடத்தை ஒழுங்காகப் படித்தேன்.

செல் சவ்வு பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. நீரை நாடும் தலைகள் இருபுறமும் வெளியே. நீரை விலக்கும் வால்கள் நடுவே. அதில் புரதங்கள் பதிந்து மிதக்கின்றன. 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த மாதிரி இது. சோடியம் அயனி குளுக்கோஸைவிடச் சிறியது. ஆனாலும் மின்னூட்டம் இருப்பதால் எண்ணெய் போன்ற நடுப்பகுதியைத் தாண்ட முடியாது. சல்லடைக் கணக்கு இங்கேயே தோற்றுவிடுகிறது. சோடியத்துக்குப் புரத வாசல் வேண்டும்.

சிறுகுடல் செல்களில் உள்ள ஒரு வாசல், இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் உள்ளே விடும். நீர் சவ்வூடு பரவலால் பின்தொடரும். இந்த இணைக் கடத்தலை 1960-இல் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். காலராவிலும் இந்த வாசல் வேலை செய்கிறது.

1971-இல் மேற்கு வங்கத்தின் போங்கானில், வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு-குளுக்கோஸ் கரைசலை வாய்வழி கொடுக்கச் செய்தார். உறவினர்களே ஊட்டினார்கள். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை கூடினால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டுப் போக்கு அதிகமாகும்.

வகுப்பில் இதை விளையாட்டாகச் செய்யலாம். பிள்ளைகளை இரு வரிசையாக, முதுகோடு முதுகு ஒட்டி நிறுத்துங்கள், அதுதான் சவ்வு. நடுவே இருவர் வாசல். இரண்டு 'உப்பு'களும் ஒரு 'சர்க்கரை'யும் கைகோத்து வந்தால் மட்டும் வாசல் திறக்கட்டும். 'நீர்'ப் பிள்ளைகள் பின்னால் ஓடி வரட்டும்.

பெற்றோர் ஷிப்ட்டுக்குப் போகும் வீடுகளில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது நம் மாணவர்கள்தான். நாம் சொல்வதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். விடை தெரியாதபோது, "நாளைக்குப் படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிடுவோம்.