மலைச் சபையின் வரலாற்றை யாரிடமிருந்து தொடங்குவது?

நாம் கூடியிருக்கும் இந்த ஜவ்வாது மலைக்குக் கீழே, திருப்பத்தூரில், 1921இல் சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர்-பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கோயில் வடிவில் எழுந்த அதன் ஜெபாலயம் பலரும் அறிந்தது. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் சிறு சபைகளுக்கோ அப்படிப்பட்ட அடையாளம் இல்லை. அவற்றின் வரலாற்றை எழுத முனைகிறவர் கையில் முதலில் சிக்குவது மிஷனெரியின் வாழ்க்கை வரலாறு. வந்தவர் யார், என்ன கட்டினார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஒரு சபையின் பிறப்பை ஏற்றவர்களின் முடிவிலிருந்து எழுத வேண்டும் என்பதே என் வாதம்.

இதே மலையாளி மக்கள் வாழும் கொல்லிமலை இதற்குச் சான்று. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி ஈவ்லினும் 1913இல் அங்கே குடியேறினர். மருத்துவம் பார்த்தனர், பள்ளி வைத்தனர், நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கப் பாடுபட்டனர். மக்கள் மருந்தை வாங்கிக்கொண்டனர், குலதெய்வத்தை விடவில்லை. ஊரும், ஊர்கள் சேர்ந்த நாடும் சொல்வதற்குக் கட்டுப்பட்ட வாழ்வில், விலகிப் போகிறவனுக்குப் பெண் கொடுப்பார் யார், அவன் வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுப்பார் யார்? ஊர்ப் பூசாரி ஒருவரும் கடுமையாக எதிர்த்தார். முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவி மலையேறியபோது அந்தப் பூசாரியும் மனைவியும் படுத்த படுக்கையானார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தம் பெண் குழந்தையைப் பிராண்ட் தம்பதியிடமே ஒப்படைத்தார். ரூத் என்ற பெயரில் அவள் வளர்ந்தாள். அதன் பிறகே ஊராரின் தயக்கம் தளர்ந்தது. இந்நிகழ்ச்சியை மிஷனெரித் தொண்டின் வெற்றியாகவே சொல்லி வந்திருக்கிறோம். எனக்கோ அந்தச் சபை வரலாற்றின் முதன்மை மனிதர் பூசாரிதான். யாரை நம்பலாம் என்று பல ஆண்டுகள் பார்த்திருந்து தீர்ப்புச் சொன்னவர் அவர்.

மருந்தைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்போர் உண்டு. மருந்துதான் விலை என்றால் முதல் ஆண்டிலேயே சபை நிரம்பியிருக்க வேண்டுமே! இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: பூசாரியைப் பற்றி நமக்குச் சொல்வதும் மிஷனெரித் தரப்புதான், அவர் மனத்தை நாம் எப்படி அறிவோம்? மனத்தை அறிய முடியாதுதான். பிள்ளையைக் கொடுத்தது செயல்; செயலுக்குப் பொருள் காண்பது வரலாற்றாசிரியனின் கடமை. ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின், மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும், முதுமையில் மலைகளுக்கே திரும்பினார். அவரை அங்கே இருக்கவிட்டதும் அம்மக்கள் எடுத்த முடிவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டியல் சாதியினருக்குள்ள மத வரம்பு பழங்குடிப் பட்டியலுக்கு இல்லை. ஞானஸ்நானம் பெற்ற மலையாளி சட்டப்படியும் மலையாளியே; சபையில் சேராத பங்காளிகளோடு ஒரே இனத்தவராகவே நீடிக்கிறார். ஆகவே சபையின் நினைவு சபைப் பதிவேட்டில் மட்டும் இருக்காது. இம்மலையில் தரவு திரட்டப் போகும் ஆய்வாளர்கள் போதகரைக் கேட்பதற்கு முன், சபையில் சேராத பங்காளிகளிடமும் ஊர்த் தலைவரான கவுண்டரிடமும் போய் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.