ஐந்தா, மூன்றா?



கணிப்பொறியில் சாளர நிரல் எழுதப் புகுவோர் முதற்கண் இடறும் இடம் ஒன்றனைக் கூறுவேன். பெயர்ப்பெட்டியில் 'தமிழ்' என்று தட்டெழுதிப் பைத்தான் நிரல்மொழியிடம் அதன் நீளம் கேட்பின், 5 என்னும். நம் இலக்கணமோ 3 என்னும். பொறி பிழைத்ததா? இல்லை! ஒருங்குறியில் த, ம, ழ ஆகியவற்றைப் போன்றே இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண்கள் உண்டு. பொறி அவற்றையே எண்ணுகின்றது.

இஃதறியாது, பெயரைப் பத்தெழுத்தளவில் நறுக்குமாறு நிரலிட்டால் என்னாகும்? ஏழே எழுத்துடைய 'திருவள்ளுவர்' 12 குறியெண் பெறும். ஈற்றுமெய் இழந்து 'திருவள்ளுவ' என நிற்கும்!

தீர்வு எளிது. உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்னெழுத்தோடு சேர்த்து ஒன்றாக எண்ணுமாறு நிரலிடுக. நிரல் கற்பீர், எழுத்திலக்கணமும் கற்பீர்! இரண்டும் அறிந்தார் கையிலேயே தமிழ்ப்பெயர் சிதையாது நிற்கும்.