செண்ட் திருப்பிச் சொல்ற நம்பர்

கல்வராயன் மலையில, வெள்ளிமலைப் பக்கம் ஒரு மழைமானி வெச்சேன். சி புரோகிராம் ஒண்ணு அந்தக் கணக்கை கள்ளக்குறிச்சியில இருக்கற என் சர்வருக்கு அனுப்பணும். வீட்டு வைஃபைல டெஸ்ட் பண்ணப்போ பக்கா. மலையில சிக்னல் குறைஞ்சதும் மழைக் கணக்கு நடுவுல அறுந்து வந்துது. தப்பு சிக்னல் மேல இல்ல, என் மேலதான்.

நான்-பிளாக்கிங் சாக்கெட்ல 4000 பைட் கொடுத்தா, செண்ட் சில சமயம் 1500 மட்டும் வாங்கிக்கிட்டு, "1500"னு திருப்பிச் சொல்லும். அந்த நம்பரை நான் பார்க்கவே இல்ல.

பத்து மூட்டை மரவள்ளிக்கிழங்கு ஏத்தச் சொல்றோம். டிரைவர் "ஆறுதான் ஏறுச்சு"ங்கிறார். மீதி நாலை அடுத்த வண்டியில அனுப்பணும்ல? அதுக்குத்தான் லூப்: விட்ட பைட்டிலிருந்து திரும்ப செண்ட், முழுசும் ஏறுற வரைக்கும்.

இன்னொண்ணு: வண்டியில ஏறிடுச்சுன்னா சந்தைக்குப் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தமில்ல. சர்வர் "வந்துது"ன்னு பதில் சொல்ற வரைக்கும் மழைக் கணக்கை அழிச்சிடாதீங்க.