எச்சரிக்கைக்குச் செவிகொடுப்போம்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்திலே வலையமைப்புப் பாதுகாப்புப் பற்றி உயர்நிலை வகுப்பில் என்ன பயில்கிறார்கள் என்று சொல்லுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தனர். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையைக் கள்வரிடமிருந்து காப்பதே அக்கல்வி. விரிவுரை கேட்டுக் குறிப்பெழுதுவதோடு அது முடிவதில்லை. வாரந்தோறும் ஓர் ஆய்வுக் கட்டுரையை எல்லோரும் படித்து வருவோம், ஒருவர் எடுத்துரைப்பார், மற்றையோர் வினாத் தொடுப்பர். பலவீனம் எங்கே? தீயவன் அதனை எவ்வாறு பயன்படுத்துவான்? அதனைத் தடுப்பது எங்ஙனம்? இம்மூன்று வினாக்களுமே எங்கள் பாடம்.

“கள்வனின் வித்தையைக் கற்பதா?” என்று பெரியோர் ஐயுறலாம். பூட்டுச் செய்பவன் அது திறபடும் வழிகளையும் அறிந்திருக்க வேண்டுமல்லவா? ஆயினும், அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவது நம் நாட்டின் 2007ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி தண்டனைக்குரியது. இவ்வெல்லையை அறிவதும் கல்வியின் பகுதியே.

ஓர் உதாரணம் கூறுகிறேன். 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுள் கள்வர் புகுந்தனர். நியூயோர்க்கில் அவ்வங்கிக்கு இருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை மாற்றும்படி 35 பொய்க் கட்டளைகளை அனுப்பினர். பெரும்பாலானவை தடுக்கப்பட்டன, எனினும் 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குச் சென்றுவிட்டது. நம் இலங்கைக்கும் 2 கோடி டொலர் அனுப்பப்பட்டது. ஆனால் பெறுவோரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. இடையிலிருந்த வங்கி ஐயுற்று வினவியது, அப்பணம் தப்பிற்று. டாக்காவிலோ, கட்டளைகளை அச்சிடும் இயந்திரம் நின்றபோது, வழக்கமான கோளாறு என்றெண்ணி விட்டுவிட்டனர். ஓர் எச்சரிக்கை மதிக்கப்பட்டது; மற்றொன்று மதிக்கப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே.

கொஸ்லந்தவில் பிறந்த நமக்கு இப்பாடம் புதிதன்று. மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களுக்கு மாற்றிடமோ அமையவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயன்களை மூடியது. அபாயத்தை அறிவது பாதிக் காவல். அறிந்தபடி செய்வதே முழுக் காவல்.

இன்று வெளிநாட்டில் உழைக்கும் தாய்மாரும் சகோதரரும் அனுப்பும் பணம் வங்கிக்கு வருகிறது; அதன் செய்தி கைத்தொலைபேசிக்கு வருகிறது. “வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்களுக்கு வந்த இரகசிய எண்ணைச் சொல்லுங்கள்” என்று எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கி அதனைக் கேட்பதில்லை. எதிர்வினா வினவுவது மரியாதைக் குறைவாகாது. கொழுந்து நிறுக்கையில் தராசு முள்ளை உற்றுப் பார்க்கிறோமல்லவா?

தம்பி தங்கையரே! நமக்கு அண்மையில் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் கணினிக் கல்வி அளிக்கிறது, முயன்று படியுங்கள். அதுவரை காத்திராமல், உங்கள் லயத்து முதியோர்க்கு இந்த ஒரு செய்தியையாவது இன்றே சொல்லுங்கள். ஏமாந்து வந்தவரை எள்ளாதீர்கள். எள்ளினால் அடுத்தவர் வாய் திறவார், எச்சரிக்கையும் நின்றுவிடும்.

கதிர்காமக் கந்தன் திருவருள் நம் அனைவரையும் காப்பதாக.